குகைக்குள் போனவர் வரும்வரை காத்திருக்கச் சொல்லும் புத்தகங்கள்

வெயிலாள் (இழையைத் தொடங்கியவர்)
ஞாயிறு, இரவு 10:40

கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் வேலை. மகளுக்கு நாலு வயது. ப்ளே ஸ்கூலிலிருந்து "பாப்பாவுக்கு உடம்பு சுடுது, வந்து கூட்டிட்டுப் போங்க" என்று போன் வந்தால் அது என் நம்பருக்குத்தான் வரும். சேர்க்கைப் படிவத்தில் இரண்டு நம்பரும் இருக்கின்றன, அவர் நம்பர்தான் முதலில். ஆனாலும் எனக்குத்தான் அடிப்பார்கள். போன மாதம் இதைப் பேசலாம் என்று உட்கார்ந்தேன். "அடுத்த தடவை காய்ச்சல் வந்தா நீங்க லீவு போட முடியுமா?" இவ்வளவுதான் கேட்டேன். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "இப்பவே பேசணுமா?" என்றார். போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். கதவை ஓங்கிச் சாத்தவில்லை. கொசு வந்துவிடும் என்று சாத்துவது போல மெதுவாகச் சாத்தினார்.

அலுவலகத் தோழியிடம் புலம்பினேன். மறுநாளே ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஜான் கிரே எழுதி 1992இல் வந்த 'மென் ஆர் ஃப்ரம் மார்ஸ், விமென் ஆர் ஃப்ரம் வீனஸ்'. ஆண்கள் செவ்வாய்க்காரர்கள், பெண்கள் வெள்ளிக்காரர்கள். (நம் ஊரில் செவ்வாய் என்றாலே தோஷம்தான் நினைவுக்கு வரும், அது வேறு கதை.) மனசு நெருக்கடியில் இருக்கும்போது ஆண் தன் குகைக்குள் போய்விடுவானாம். மனைவி பின்னாலேயே போய்க் கதவைத் தட்டக் கூடாதாம். அவள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவனே வெளியே வருவானாம்.

படித்ததும் மனசு லேசானது, பொய் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் மோசமானவர் இல்லை, கிரகம்தான் வேறு என்று ஒரு நிம்மதி. காத்திருந்தேன். நாலு நாள் ஓடியது. அவரும் நன்றாகத்தான் இருந்தார், சாப்பிட்டார், மகளோடு விளையாடினார். அந்தப் பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் மகளுக்கு 102 டிகிரி. பேச்சு முடியாவிட்டால் என்ன, யாராவது லீவு போட்டாக வேண்டுமே. நான்தான் போட்டேன், இரண்டு நாள்.

அப்புறம்தான் உறைத்தது. பேசாமல் விட்ட விஷயம் அப்படியே அந்தரத்தில் நிற்பதில்லை, பழையபடி நடந்துகொண்டே இருக்கிறது. பழையபடி நடப்பதில் அவருக்கு ஒரு நஷ்டமும் கிடையாது. அவர் குகைக்குள் இருந்த நாலு நாளும் தீர்ப்பு அவர் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. நானோ அதைப் பொறுமை என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன்.

இந்த மாதிரிப் புத்தகம், யூடியூப் ஆலோசனை, குடும்பக் குழுவில் வருகிற 'இனிய இல்லறத்துக்குப் பத்து வழிகள்' இதையெல்லாம் நம்பி நடந்து பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? என்ன ஆனது?

---

பின்னிருக்கைவாசி
ஞாயிறு, இரவு 11:05

நான் பால்கனிக்குப் போனால் அது சிகரெட்டுக்கு. அதற்கு இவ்வளவு தத்துவம் இருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

---

ராத்திரி ஷிஃப்ட்
திங்கள், அதிகாலை 2:15

அந்தப் புத்தகத்தை இப்படி ஒரே அடியாகத் தூக்கிப் போடாதீர்கள், சகோதரி. எனக்கு அது உதவியிருக்கிறது.

கல்யாணமான புதிதில் மனைவி வேலையிலிருந்து வந்ததும் மேனேஜரைப் பற்றிச் சொல்வார். அவர் முடிப்பதற்குள் நான் "ரிசைன் பண்ணிடு", "ஹெச்ஆருக்கு மெயில் போடு" என்று தீர்ப்பு சொல்லிவிடுவேன். அவர் முகம் சுருங்கிப்போகும். நல்ல யோசனை சொன்னதற்கு எதற்குக் கோபம் என்று எனக்குப் புரியவே இல்லை. அவர் யோசனை கேட்கவில்லை, கேட்க ஒரு ஆள்தான் தேடுகிறார் என்று அந்தப் புத்தகத்தில்தான் படித்தேன். அன்றிலிருந்து "ம்ம், அப்புறம்?" என்று கேட்கப் பழகினேன். மாமியார், அம்மா, நண்பர்கள் யாருமே எனக்கு இதைச் சொல்லித் தரவில்லையே? செவ்வாயோ சனியோ, எங்கிருந்து வந்தால் என்ன.

---

கணக்குப்பிள்ளை
திங்கள், காலை 9:30

ராத்திரி ஷிஃப்ட், உங்களுக்கு உதவியதை யாரும் பிடுங்கிக்கொள்ளப் போவதில்லை. கேட்கப் பழகுவது நல்ல விஷயம். நான் சண்டை போடுவது கிரகக் கதையோடு.

முதலில் குகை. வெயிலாள் தன் வீட்டில் கண்டுபிடித்ததை ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன், கிறிஸ்டோபர் ஹீவி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1990இலேயே சோதித்து எழுதிவிட்டார்கள். ஒருவர் வற்புறுத்துவார், மற்றவர் நழுவுவார். மனைவி வற்புறுத்துவதும் கணவன் நழுவுவதும்தான் அதிகம் என்று ஏற்கெனவே தெரியும். அது ஆண், பெண் இயல்பா, வேறு காரணம் இருக்கிறதா என்பதுதான் இவர்கள் கேள்வி. 31 தம்பதிகளை இரண்டு தடவை பேச வைத்தார்கள். ஒரு தடவை மனைவி கேட்கும் மாற்றத்தைப் பற்றி, இன்னொரு தடவை கணவன் கேட்கும் மாற்றத்தைப் பற்றி. மனைவி மாற்றம் கேட்டபோது அவர் துரத்த, இவர் நழுவுகிற காட்சி தெளிவாகத் தெரிந்தது. கணவன் மாற்றம் கேட்டபோது யார் துரத்துகிறார், யார் நழுவுகிறார் என்பதில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை.

இயல்புதான் முழுக் காரணம் என்றால் தலைப்பு எதுவானாலும் கணவன்தானே நழுவியிருக்க வேண்டும்? இருப்பது இருந்தபடி இருந்தால் யாருக்கு வசதியோ அவர் எழுந்து போகிறார். வீட்டு வேலை, பிள்ளை, மாமியார் இதிலெல்லாம் மாற்றம் கேட்பது பெரும்பாலும் மனைவி. அதனால் எழுந்து போவது பெரும்பாலும் கணவன். குகை என்று பெயர் வைத்ததும் அது அவருடைய உடம்பிலேயே இருக்கிற ஏதோ ஒன்றுபோல ஆகிவிடுகிறது.

இரண்டாவது, பெண்கள் வாய் ஓயாமல் பேசுவார்கள் என்கிற அடிப்படை. பெண்கள் ஒரு நாளைக்கு 20,000 வார்த்தை, ஆண்கள் 7,000 என்று ஒரு கணக்கு பல வருஷமாக மேடை மேடையாகச் சுற்றியது. 2007இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வில் 396 கல்லூரி மாணவர்களிடம் குட்டி ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்து எண்ணினார்கள். பெண்கள் சுமார் 16,200, ஆண்கள் சுமார் 15,700. இதற்கு இரண்டு கிரகம் எதற்கு, ஒரே தெரு போதும்.

ஜான் கிரேயைப் பற்றி ஒரு துணுக்கு: இந்தத் துறைக்கு வருமுன் அவர் 9 வருஷம் மகரிஷி மகேஷ் யோகியிடம் துறவியாக இருந்தவர். குகையைப் பற்றி அனுபவித்துத்தான் எழுதியிருக்கிறார்.

---

அரைப்படி
திங்கள், காலை 10:12

கணக்குப்பிள்ளை அண்ணே, ஆராய்ச்சி எல்லாம் சரி. ஒரு ஹால், ஒரு பெட்ரூம், அதில் அப்பா அம்மாவும் இருக்கிற வீட்டில் குகைக்கு எங்கே போவது? நான் கோபம் வந்தால் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் போய் நிற்பேன். கீழ் வீட்டு அம்மா துணி எடுக்க வந்து "என்ன தம்பி, வீட்ல சண்டையா?" என்று கேட்டுவிடுவார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பெண்களிடமே எல்லாப் பொறுப்பையும் தருகிறார்கள் என்று புத்தகத்தைத் திட்டுகிறீர்கள். புத்தகத்தைப் படிக்கிறவர் யாரோ அவரிடம்தானே அது பேச முடியும்? படிக்காமல் சோபாவில் கிரிக்கெட் பார்க்கிறவனை அது எப்படித் திருத்தும்? டாக்டரும் வந்த நோயாளிக்குத்தானே மருந்து எழுதுவார்.

---

வெயிலாள்
திங்கள், மதியம் 1:20

அரைப்படி, நியாயமான கேள்வி. காலையிலிருந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் வந்த நோயாளிக்குத்தான் மருந்து என்றால், நோய் வந்தவருக்கு இல்லாமலும் போகலாமே? வீட்டில் ஒருவருக்கு இருமல், மருந்துக் கடைக்குப் போனது நான் என்பதால் நானே சிரப்பைக் குடித்துவிட்டு வந்தால் எப்படி?

---

தாழ்வாரம்
திங்கள், மாலை 6:45

நான் ஒரு குடும்ப ஆலோசனை மையத்தில் 20 வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எந்த ஊர் என்பது வேண்டாம். அங்கே பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு மேஜை, நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி. பெண் ஒரு ஓரத்தில், அவள் அம்மா பக்கத்தில். பையன் பக்கம் அண்ணன், மாமா, ஊர்ப் பெரியவர் என்று நிற்க இடம் இருக்காது. பேசி முடித்ததும் சேர்ந்து வாழச் சம்மதம் என்று இரண்டு பேரும் எழுதித் தர வேண்டும். வெள்ளைத் தாளை நான்தான் எடுத்துக் கொடுப்பேன். அவன் எழுதுவது ஒரு வரி: "இனிமேல் குடித்துவிட்டுத் தகராறு செய்ய மாட்டேன்." அவள் தாள் நிறைந்துவிடும். மாமியாரை எதிர்த்துப் பேச மாட்டேன், சொல்லாமல் அம்மா வீட்டுக்குப் போக மாட்டேன், போனில் அதிக நேரம் பேச மாட்டேன், அனுசரித்து நடந்துகொள்வேன். யாரும் அவளை மிரட்டி எழுத வைப்பதில்லை. சுற்றி இருப்பவர்கள் ஒவ்வொருவராக ஒன்று சொல்லச் சொல்ல, அவளே எழுதிக்கொண்டு போவாள். ஒரு பெண் எழுதி முடித்துவிட்டு "மேடம், இன்னொரு பேப்பர் வேணும்" என்று கேட்டாள். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

ரொம்ப நாள் நானும் இதைச் சமாதானம் என்றுதான் பதிவேட்டில் எழுதினேன். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கேரி சாப்மன் என்ற பாதிரியாரின் ஐந்து 'காதல் மொழிகள்' புத்தகமும் 1992இல் வந்ததுதான். பாராட்டு, நேரம் ஒதுக்குவது, பரிசு, உதவி, தொடுகை என்று அன்பைக் காட்ட ஐந்து வழி. கேட்க இனிமையாக இருக்கும், பயிற்சி வகுப்பில் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அதில் அன்பு காட்டாத துணையை நேசிப்பது பற்றி ஒரு அத்தியாயம் வருகிறது. கணவனால் துவண்டுபோன ஒரு பெண் ஆலோசனைக்கு வருகிறாள். ஆறு மாதம் அவன் 'மொழியில்' அன்பு காட்டிப் பார் என்கிறார், அவன் மொழி தொடுகை. தொடவே மனசில்லாமல் இருக்கிறவளிடம் உடம்புறவுக்கு நீயே முதலில் முயற்சி எடு என்கிறார். என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த முகங்களை நினைத்துக்கொண்டு அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். பத்தில் நாலு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'பொறுத்துப் போ, அவன் மாறுவான்' என்று பொதுவாக அச்சடித்துக் கொடுத்தால் அது இந்த நாலு பேர் கையிலும்தான் போய்ச் சேரும். மீதி ஆறு பேருக்கு அது வெறும் எரிச்சல். இந்த நாலு பேருக்கு அப்படி இல்லை. இதைப் படிக்கும் யாராவது அந்த நாலில் ஒருவராக இருந்தால் எந்தப் புத்தகமும் வேண்டாம் அம்மா, பெண்கள் உதவி எண் 181க்கு அடியுங்கள்.

---

மூணாம் வாய்ப்பாடு
திங்கள், இரவு 9:50

அம்மா எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

எனக்கு 24 வயது. எங்கள் பக்கத்துக் கதையையும் சொல்கிறேன். எனக்கு வருகிற வீடியோக்கள் எல்லாம் வேறு மாதிரி. "அவ மெசேஜ் போட்டா மூணு மணி நேரம் கழிச்சு ரிப்ளை பண்ணு." "நீ முதல்ல போன் பண்ணினா வேல்யூ போச்சு." கல்லூரிக் கடைசி வருஷம் இதையெல்லாம் வேதவாக்காக நம்பினேன். ஒருத்தி மேல் எனக்கு உண்மையிலேயே பிரியம். அவள் "சாப்டியா?" என்று அனுப்புவாள். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு சனிக்கிழமை இரண்டே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது, இன்னும் கால் மணி நேரம் என்று தயிர்சாதத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

பிரிந்து ஆறு மாதம் கழித்து அவள் தோழி சொல்லித்தான் தெரிந்தது. அவளுக்கும் யாரோ அதே மாதிரி சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். அவளும் அந்தப் பக்கம் கடிகாரம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

---

கணக்குப்பிள்ளை
திங்கள், இரவு 10:30

தம்பி, நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பழைய விதிக்கு நடைமுறை விளக்கம் தந்திருக்கிறீர்கள். வில்லர்ட் வாலர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1938இல் எழுதியது: ஒரு உறவில் யாருக்கு ஆர்வம் குறைவோ அவர் கைதான் ஓங்கும். இழக்க அதிகம் இல்லாதவர் சொல்வதுதான் நடக்கும்.

பிற்பாடு வந்த புத்தக வியாபாரிகள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டார்கள். சரி, ஆர்வம் இல்லாதவர்போல நடி, அதிகாரம் உன் கைக்கு வரும். பெண்களுக்கு 1995இல் 'தி ரூல்ஸ்' என்று ஒன்று வந்தது: அவனுக்கு நீ போன் பண்ணாதே, சனிக்கிழமை சந்திக்கப் புதன்கிழமைக்கு மேல் கூப்பிட்டால் ஒத்துக்கொள்ளாதே. பையன்களுக்கு இப்போது நீங்கள் பார்த்த வீடியோக்கள். இரண்டும் எதிரெதிர் கட்சி மாதிரி தெரியும், விற்பது ஒரே சரக்கு.

இதில் ஒரு வித்தியாசத்தையும் கவனியுங்கள். பெண்ணுக்கு ஆர்வமில்லாததுபோல் நடிக்கச் சொல்வது கல்யாணம் வரைக்கும்தான். தாலி ஏறியதும் அவளுக்கு வேறு புத்தகம்: குகை வாசலில் காத்திரு, அவன் மொழியைக் கற்றுக்கொள்.

---

நேர்ப்பேச்சு
செவ்வாய், காலை 8:05

எல்லாரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள். வீட்டில் கணவனை ஆட்டிப்படைக்கிற பெண்கள் இல்லையா? சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுத்துவிட்டு டீ குடிக்கக் காசு கேட்டு நிற்கிற ஆண்கள் இல்லையா? அவர்களுக்கு எந்தக் கணக்கெடுப்பு? [இரண்டு வரிகள் நீக்கப்பட்டன: மட்டுறுத்துநர்]

---

தாழ்வாரம்
செவ்வாய், காலை 11:40

இருக்கிறார்கள் ஐயா. என் மேஜைக்கு முன்னால் அழுத ஆண்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களில் பாதிப் பேர் வந்ததையே வெளியில் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொள்வார்கள். 'ஆம்பிளை அழலாமா' என்பதும் இதே சரக்கின் இன்னொரு பொட்டலம்தான்.

ஆனால் ஒன்று பாருங்கள். மனைவி சொல்லைக் கேட்கிறவனுக்கு நம்மிடம் எத்தனை பெயர்! பொண்டாட்டிதாசன், தலையணை மந்திரத்தில் மயங்கியவன், முந்தானையில் முடிந்து வைக்கப்பட்டவன். திருக்குறளில்கூடப் பெண்வழிச் சேறல் என்று ஒரு அதிகாரமே இருக்கிறது, பத்துக் குறளும் எச்சரிக்கை. கணவன் சொல்லைக் கேட்கிற மனைவியைக் கேலி செய்ய ஒரு சொல் சொல்லுங்கள் பார்ப்போம். எனக்கு வாயில் வருவதெல்லாம் 'குடும்பப் பாங்கு' மாதிரி பாராட்டுத்தான்.

ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழுவினர் 130 புதுமணத் தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்து 1998இல் வெளியிட்ட ஆய்வைப் பயிற்சியில் எங்களுக்குச் சொன்னார்கள். மனைவியின் பேச்சு தன்னை அசைக்க இடம் தராத கணவன்மார்களின் திருமணங்கள் முறியும் வாய்ப்பு கூடுதல் என்றார்கள். ஆய்வு முறையைக் குறை சொன்னவர்களும் உண்டு, அதனால் இதையும் வேதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் எனக்கு அது புதிதாக இருந்தது. அதுவரை பையன் வீட்டாரிடம் "பொண்ணு சொல்றதையும் கொஞ்சம் கேளுங்க" என்று கெஞ்சுகிற தொனியில்தான் சொல்வேன். அப்புறம் கெஞ்சுவதை நிறுத்திவிட்டேன்.

---

ராத்திரி ஷிஃப்ட்
புதன், அதிகாலை 3:00

இரண்டு நாளாக இந்த இழையைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் எழுதியதில் ஒரு திருத்தம்.

"ம்ம், அப்புறம்?" என்று கேட்கக் கற்றுக்கொண்டேன் என்றேன் அல்லவா? நேற்று மனைவியிடமே கேட்டேன், அது உனக்கு உண்மையிலேயே உதவியதா என்று. அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "மேனேஜரைப் பத்திப் பேசும்போது நல்லா கேட்டுக்கிறீங்க. உங்களைப் பத்திச் சொன்னாலும் 'ம்ம், அப்புறம்?'னு கேட்டுட்டு அப்படியே விட்டுடுறீங்க. அங்கேதான் எனக்குத் தீர்வு வேணும்."

பத்து வருஷமாக நான் இதற்குப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

---

அரைப்படி
புதன், காலை 9:10

அண்ணி பெயரில் ஒரு புத்தகம் போடலாம் போலிருக்கிறதே.

---

வெயிலாள்
வியாழன், இரவு 11:25

எல்லாருக்கும் நன்றி. தாழ்வாரம் அம்மா, உங்கள் வெள்ளைத் தாள் இரண்டு நாளாக என்னை விடவில்லை. நானும் ஒரு தாள் எடுத்தேன், ஆனால் சத்தியம் எதுவும் எழுதவில்லை. இந்த வருஷம் மகளுக்காக யார் யார் எந்தத் தேதியில் லீவு போட்டோம் என்று மட்டும் எழுதினேன். என் பெயருக்குக் கீழே 9, அவர் பெயருக்குக் கீழே 1. அந்த ஒன்றும் தடுப்பூசிக்குப் போனது, நானும் கூடப் போயிருந்தேன். ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன்.

நேற்று இரவு தண்ணீர் பாட்டில் எடுக்க வந்தவர் நின்று படித்தார். ஒன்றும் சொல்லாமல் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். இந்தத் தடவை நானும் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். நல்ல கொசு. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் அவர் "ஒன்பதா?" என்றார். "ஒன்பது" என்றேன். "எங்க டீம்ல ஆம்பிளைங்க யாரும் பிள்ளைக்குக் காய்ச்சல்னு லீவு கேட்டதே இல்ல. சிரிப்பாங்க" என்றார். அந்தச் சிரிப்புக்குத்தான் இத்தனை நாள் பயந்திருக்கிறார், எனக்கு இது தெரியாது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. ஏனென்றால் என் டீமில் சிரிக்க மாட்டார்கள், ப்ரமோஷனுக்கு இன்னொருவர் பெயரை எழுதிவிடுவார்கள். அதையும் சொன்னேன்.

அடுத்த காய்ச்சல் அவருடையது என்று முடிவாகியிருக்கிறது. இன்றைக்கு ப்ளே ஸ்கூலில் அவர் நம்பருக்கு முதலில் அடிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கிருந்த டீச்சர் "சார் எடுப்பாரா மேடம்?" என்று கேட்டார்.

இப்போது மகள் லேசாக இருமுகிறாள். 99.6. தெர்மாமீட்டர் அவர் கையில் இருக்கிறது, மூன்றாவது தடவையாகப் பார்க்கிறார்.

---

பின்னிருக்கைவாசி
வியாழன், இரவு 11:31

காலையில் யார் லீவு போட்டது என்று வந்து சொல்லிவிட்டுப் போங்கள்.